ஒன்றிப்பு ஜெப வாரம் (ஜனவரி 18–25): நான்கு சபைகள் சேர்ந்து நடத்த ஒழுங்கு அமைப்பது எப்படி?

குமரி_வாசகன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம்.

எங்கள் ஊர் குமரி மாவட்டம். லத்தீன் கத்தோலிக்கப் பங்கு, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம், லுத்தரன் சபை, இரட்சணிய சேனை நான்கும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. வரும் ஜனவரியில் கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான ஜெப வாரத்தைச் சேர்ந்து நடத்தலாம் என்று நான்கு தரப்பும் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் பொது ஆராதனை, மற்ற நாட்களில் மாலையில் சிறு கூட்டம் என்பது திட்டம். பொது ஆராதனைக்கு 300 பேர் வரை எதிர்பார்க்கிறோம்.

ஒழுங்கு எழுதும் குழு இரண்டு முறை கூடியும் முடிவு வரவில்லை. பொது ஆராதனையை ஞாயிறு மாலைத் திருப்பலியோடு சேர்க்கலாமா, தனியாக வைக்க வேண்டுமா? நற்கருணை இல்லாமல் நடத்தினால் "அப்புறம் என்ன ஒற்றுமை" என்று ஒருவர் கேட்கிறார். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எந்த வாசகத்தில் சொல்வது? பொங்கல் முடிந்த கையோடு 18ஆம் தேதி வருகிறது. வாரத்தையே தள்ளி வைத்தால் தவறா? பெந்தெகொஸ்தே சபைகளைக் கூப்பிட வேண்டும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள், பெரியவர்கள் தயங்குகிறார்கள். கடைசியாக, சிறு கூட்டங்களில் பிரசங்கம் தவிர வேறு என்ன செய்வது?

நடத்திப் பழக்கமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பழைய_செமினேரியன்

திருப்பலியோடு சேர்க்காதீர்கள். இதை முதலில் தீர்த்துவிட்டால் பாதிச் சிக்கல் போய்விடும்.

காரணங்களைச் சொல்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 908, முழு ஒன்றிப்பில் இல்லாத சபைகளின் குருக்களோடு கூட்டுத்திருப்பலி நிறைவேற்றுவதைத் தடுக்கிறது. திருப்பலியில் மறையுரை (பிரசங்கம்) கத்தோலிக்கக் குருவுக்கோ திருத்தொண்டருக்கோ உரியது. எனவே சி.எஸ்.ஐ. போதகரை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, அவருக்கு ஒரு "வாழ்த்துரை" மட்டும் கொடுக்க நேரிடும். பிறகு நற்கருணை வரும். சட்டம் 844 மிகக் குறுகிய சூழல்களில் மட்டுமே மற்றவர்களுக்கு அதை அனுமதிக்கிறது. பொதுக் கூட்டம் அந்தச் சூழல் அல்ல. வரிசையில் யார் எழுந்து போவது, யார் உட்கார்ந்திருப்பது என்று 300 பேருக்கு முன்னால் சங்கடம். ஒற்றுமைக்காகக் கூடிய இடத்தில் பிரிவு அவ்வளவு பளிச்சென்று வேறெப்போதும் தெரியாது.

மறுபக்கம், இறைவார்த்தை வழிபாடாக நடத்தினால் இந்தத் தடைகளில் ஒன்றுகூட இல்லை. எந்தச் சபையின் போதகரும் மறையுரை ஆற்றலாம், பெண் ஊழியர்களும் ஆற்றலாம். வாசகம், மன்றாட்டு, ஆசி எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளலாம். 1964இல் வந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஒன்றிப்பு பற்றிய ஆவணமே இப்படிப்பட்ட பொது ஜெபத்தை விரும்பத்தக்கது என்கிறது. 1993இல் ரோமாபுரி வெளியிட்ட ஒன்றிப்பு வழிகாட்டி இதற்கான விவரங்களைத் தருகிறது. அதில் உங்களுக்கு உடனே தேவைப்படும் ஒரு குறிப்பு: பொது ஜெபத்தில் கலந்துகொள்வதால் கத்தோலிக்கரின் ஞாயிறு திருப்பலிக் கடமை தீராது. ஆகவே ஞாயிறு மாலையில் வைத்தால் கத்தோலிக்கர் ஒரே நாளில் இரண்டு முறை வர வேண்டும். பாதிப் பேர் வரமாட்டார்கள். வியாழன் அல்லது வெள்ளி மாலை 6.30 நல்ல நேரம்.

"நற்கருணை இல்லாமல் என்ன ஒற்றுமை" என்று கேட்பவரின் வருத்தம் நியாயமானது. அந்த வருத்தத்தை மறைக்காமல் மன்றாட்டில் ஒரு வரியாகச் சேருங்கள்: ஒரே பந்தியில் இன்னும் அமர முடியாதிருக்கிறோம் என்று ஆண்டவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். அதற்குப் பதில், பிஸ்கட்டையும் திராட்சைச் சாற்றையும் வைத்து "அன்பின் விருந்து" என்று ஒன்றைச் சிலர் ஏற்பாடு செய்வதுண்டு. பார்ப்பவர்களுக்கு அது நற்கருணை மாதிரியும் தெரியும், இல்லாத மாதிரியும் தெரியும். வேண்டவே வேண்டாம். ஆராதனை முடிந்து வெளியே சுக்குக்காபியும் வடையும் கொடுங்கள், அது போதும்.

தேதி: 18 முதல் 25 வரை என்பது வழக்கம், கட்டளை அல்ல. 1908இல் பால் வாட்சன் என்ற அமெரிக்க ஆங்கிலிக்கக் குரு இந்த எட்டு நாட்களைத் தேர்ந்தெடுத்தார். அன்றைய நாட்காட்டியில் ஜனவரி 18 பேதுருவின் தலைமைப்பீட விழா, 25 பவுல் மனமாறிய விழா. தென் அரைக்கோள நாடுகளில் ஜனவரி விடுமுறைக் காலம் என்பதால் பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டி வைக்கிறார்கள். நம் ஊருக்கும் அது பொருந்தும். விண்ணேற்றத்துக்கும் பெந்தெகொஸ்தேக்கும் இடைப்பட்ட நாட்கள். ஆனால் அது பெரும்பாலும் மே மாதக் கோடை விடுமுறையில் விழும், இளைஞர்கள் ஊரில் இருக்கமாட்டார்கள். பொங்கல் 16 அல்லது 17ஆம் தேதி காணும் பொங்கலோடு முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் ஜனவரியிலேயே வைத்து, பொது ஆராதனையை வாரத்தின் தொடக்கத்தில் வைக்காமல் 22, 23 வாக்கில் வையுங்கள். வெளியூர் போனவர்கள் திரும்பியிருப்பார்கள், 26 குடியரசு நாள் ஏற்பாடுகளும் தொடங்கியிராது.

பங்குத்தந்தையின் வாய்மொழிச் சம்மதம் மட்டும் போதாது. கோட்டாறோ குழித்துறையோ, உங்கள் மறைமாவட்ட ஆயருக்கு ஒரு பக்கக் கடிதம் போகட்டும். சி.எஸ்.ஐ. பேராயத்துக்கும் அப்படியே. பின்னால் யாராவது புகார் எழுதினால் அந்தக் கடிதம்தான் கைகொடுக்கும்.

---

கீர்த்தனைக்காரர்

செமினேரியன் ஐயா சொன்னது சரி. ஒழுங்கை நான் தருகிறேன். சி.எஸ்.ஐ. ஆலயத்தில் நடப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

மொத்தம் 70 முதல் 75 நிமிடம், அதற்கு மேல் போகக் கூடாது. தொடக்கப் பாட்டு 4 நிமிடம், வாழ்த்தும் அழைப்பும் 3, பாவ அறிக்கை 6. பழைய ஏற்பாட்டு வாசகம் 3, சங்கீதம் 4, நிருபம் 3, சுவிசேஷம் 3. பிரசங்கம் 12, உடனே 3 நிமிட அமைதி. விசுவாசப் பிரமாணம் 3, மன்றாட்டு 10, கர்த்தர் ஜெபம் 2, சமாதானம் பகிர்தல் 3, காணிக்கைப் பாட்டு 5, ஆசி 3, முடிவுப் பாட்டு 4. பிரசங்கம் 12 நிமிடம் என்றால் 12தான். கொடுக்கும்போதே "800 வார்த்தைக்குள் எழுதிக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். நான்கு பேருக்கும் பேச நேரம் கொடுத்து நான்கு பிரசங்கம் ஆக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கெடுதல். ஒருவர் மட்டும் பேசட்டும், அதுவும் வீட்டுக்காரச் சபையை, அதாவது ஆராதனை நடக்கும் ஆலயத்தை, சேராதவராக.

பாவ அறிக்கையில் கவனம். ஒவ்வொருவரும் தங்கள் சபையின் குற்றத்தை மட்டும் அறிக்கையிட வேண்டும். மற்றவர் குற்றத்தை நாம் அறிக்கையிடுவது ஜெபம் ஆகாது. மன்றாட்டிலும் இதே பொறி உண்டு: "சத்தியத்தை அறியாதவர்களின் கண்களைத் திறந்தருளும்" என்று ஒரு வரி நுழைந்துவிடும், பக்கத்தில் நிற்பவர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்வார். எட்டு மன்றாட்டு, ஒவ்வொன்றும் 40 வார்த்தைக்குள், முன்கூட்டியே எழுதி வாங்கிக் குழு வாசித்துப் பார்க்கட்டும். புனிதர்களை நோக்கிய ஜெபம், இறந்தோருக்கான ஜெபம், அந்நிய பாஷை, கைதூக்கி ஒப்புக்கொடுக்கச் சொல்வது நான்கையும் இந்த ஒரு மாலை தவிர்த்துவிடலாம். இவற்றை யாரும் தங்கள் சபையில் கைவிட வேண்டும் என்பதல்ல. இங்கே கூடியிருக்கும் எல்லாரும் மனச்சாட்சிக் குத்தல் இல்லாமல் "ஆமென்" சொல்லக்கூடியது மட்டும் இடம்பெற வேண்டும் என்பதுதான் அளவுகோல்.

வாசகங்களுக்கு 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை எடுங்கள். கத்தோலிக்கரும் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையாரும் சேர்ந்து செய்தது, இந்தக் காரியத்துக்கென்றே பிறந்ததுபோல இருக்கிறது. நம் முதியவர்களுக்குப் பழைய வேதாகமம்தான் காதில் இனிக்கும், எனவே சங்கீதத்தை மட்டும் பழைய மொழிபெயர்ப்பில் வைத்துக்கொள்ளலாம். சீராக், சாலமோனின் ஞானம் போன்ற நூல்களிலிருந்து வாசகம் எடுக்காதீர்கள்; நம் சீர்திருத்தச் சபையார் கையிலிருக்கும் வேதாகமத்தில் அவை இல்லை. சங்கீதம் 133ஐ எல்லாரும் போடுவார்கள், மூன்றே வசனம், தொடங்குமுன் முடிந்துவிடும். 122 எடுங்கள், ஒன்பது வசனம், இடப்பக்கத்தாரும் வலப்பக்கத்தாரும் மாறிமாறி வாசிக்கலாம்.

கர்த்தர் ஜெபம்: "அவரவர் வழக்கப்படி சொல்லுங்கள்" என்றால் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" ஒரு பக்கமும் "விண்ணகத்திலிருக்கிற எங்கள் தந்தையே" ஒரு பக்கமும் மோதி, மூன்றாவது வரியில் இரண்டும் இரைச்சலாகிவிடும். ஒரே வாசகத்தை அச்சடித்துக் கொடுங்கள். வீட்டுக்காரச் சபையின் வாசகம் என்று விதி வைத்தால் சண்டை இல்லை. அடுத்த ஆண்டு கத்தோலிக்க ஆலயத்தில் நடந்தால் அவர்கள் வாசகம். இன்னொன்று, கத்தோலிக்கர் வழக்கமாக "தீமையிலிருந்து" என்ற வரியோடு நிறுத்துவார்கள், நாம் "ராஜ்யமும் வல்லமையும்" என்று தொடருவோம். அந்த இடத்தில் பாதிச் சபை மௌனமாகும். கடைசி வரியைத் தடித்த எழுத்தில் அச்சடித்து, "அனைவரும்" என்று பக்கத்தில் போடுங்கள்.

விசுவாசப் பிரமாணத்துக்கு அப்போஸ்தலர் பிரமாணம் எளிது. "கத்தோலிக்க" என்றும் "பொதுவான" என்றும் ஒரு சொல் மாறும், முன்கூட்டியே எதைப் போடுவது என்று முடிவு செய்துவிடுங்கள். ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் வருவதாக இருந்து நிசேயா பிரமாணம் சொல்வதென்றால், 381ஆம் ஆண்டு வடிவத்தை, ஆவியானவர் "குமாரனிடமிருந்தும்" புறப்படுகிறார் என்ற பிற்காலச் சேர்க்கை இல்லாமல் அச்சடியுங்கள்.

சமாதானம் பகிரும்போது இரு கைகளால் அடுத்தவர் கைகளைப் பற்றி அனுப்பும் முறை நன்றாகப் பொருந்தும். சி.எஸ்.ஐ. 1950இல் தன் திருவிருந்து ஒழுங்கை அமைத்தபோது சுரியானி மரபிலிருந்து எடுத்துக்கொண்டது அது. ஆசிக்கு எண்ணாகமம் 6:24–26, மூன்று வசனம், மூன்று பேர். நான்காமவர் "சமாதானத்தோடே போங்கள்" என்று அனுப்பிவைக்கட்டும்.

பாட்டு மூன்று போதும். வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகள் சி.எஸ்.ஐ.க்கும் லுத்தரனுக்கும் பொது. கத்தோலிக்கப் பாடகர் குழுவிடமிருந்து பதிலுரை வடிவத்தில் ஒன்று வாங்குங்கள், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவதால் புதியவர்களும் இரண்டாம் முறையில் பிடித்துக்கொள்வார்கள். சேனையிடம் ஒரு பாட்டைக் கொடுத்தால் கூரை அதிரும். நான்கு பாடகர் குழுவையும் சேர்த்து இரண்டு ஒத்திகையாவது வேண்டும். சுருதியைக் கட்டை ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் வையுங்கள், சபையார் பாட வேண்டும் அல்லவா.

கடைசியாக ஃபிளெக்ஸ். யார் படம், எந்த அளவு, யார் முதலில் என்று தொடங்கினால் வாரம் அதிலேயே முடியும். படமே வேண்டாம், சிலுவையும் தேதியும் போதும். பொன்னாடையும் வேண்டாம், பத்துப் பேருக்குப் போர்த்தி முடிப்பதற்குள் 25 நிமிடம் போய்விடும். அழைப்பிதழில் பட்டங்களைப் பார்த்துப் போடுங்கள். கத்தோலிக்கரிடம் ஆயர் என்றால் மறைமாவட்டத் தலைவர், நம்மிடம் சேகரத்தைப் பார்ப்பவரையும் அப்படி அழைப்போம். நாம் பேராயர் என்பது அவர்களுக்கு வேறு பதவி. பட்டத்தோடு சபைப் பெயரையும் சேர்த்துப் போட்டால் குழப்பம் இல்லை.

---

மேல்வீட்டறை

பெந்தெகொஸ்தே பக்கத்திலிருந்து சில வார்த்தை.

பெரியவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும்: ஆடு திருடுவார்கள், அதாவது மற்றச் சபையாரைத் தங்கள் சபைக்கு இழுத்துக்கொள்வார்கள் என்ற பயம். அதைப் பேசாமல் அழைத்தால் இரண்டு பக்கமும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பேசித் தீர்க்க வழி உண்டு. அழைக்கும்போதே மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: அந்த வாரத்தில் கூடுகைகளில் தங்கள் சபைத் துண்டுப்பிரதி, சுகமளிக்கும் கூட்ட அறிவிப்பு எதையும் யாரும் கொடுப்பதில்லை, யாருடைய வீட்டு முகவரியையும் வாங்குவதில்லை, ஞானஸ்நானம் பற்றி மேடையில் பேசுவதில்லை. இது எங்களுக்கு மட்டும் விதித்ததாக இல்லாமல் எல்லாச் சபைக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும்.

ஞானஸ்நானத்தை ஏன் சொல்கிறேன் என்றால், ஒற்றுமை ஆராதனைகளில் தண்ணீர் தெளித்து "நம் ஒரே ஞானஸ்நானத்தைப் புதுப்பிப்போம்" என்று ஒரு சடங்கு வைப்பதுண்டு. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் மூவரும் தண்ணீராலும் திரியேக நாமத்தாலும் கொடுத்த ஞானஸ்நானத்தை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்கிறார்கள், அவர்களுக்கு அது அழகு. குழந்தை ஞானஸ்நானத்தை நாங்கள் ஏற்பதில்லை. அந்த நிமிடத்தில் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இரட்சணிய சேனையாரின் நிலை இன்னும் சங்கடம். அவர்கள் ஞானஸ்நானமோ திருவிருந்தோ அனுசரிப்பதே இல்லை. நான்கில் ஒருவர் சேனையாராக இருக்கும் ஊரில் அந்தச் சடங்கை வைப்பது விருந்தாளிக்குச் சாப்பிட முடியாததைப் பரிமாறுவது போல.

எங்களைப் பார்வையாளராக அழைக்காதீர்கள். எழுதிய ஜெபத்தை வாசிக்க எங்கள் போதகர்களுக்கு வராது, வந்தாலும் மனம் ஒட்டாது. மன்றாட்டின் முடிவில் மூன்று நிமிடம் சுயமாக ஜெபிக்க இடம் விட்டு, அதை எங்களில் ஒருவர் நடத்தட்டும். நேரம் சொல்லிவிட்டால் நிறுத்திக்கொள்வோம், அதில் சந்தேகம் வேண்டாம். கத்தோலிக்கருக்கும் பெந்தெகொஸ்தேயினருக்கும் இடையே சர்வதேச அளவில் உரையாடல் 1972 முதல் நடந்துவருகிறது, இது புதிய காரியம் ஒன்றுமில்லை.

எல்லாச் சபையும் வராது. சொரூபங்கள் இருக்கும் ஆலயத்துக்குள் சிலர் வரமாட்டார்கள். பள்ளிக்கூட அரங்கம் கிடைத்தால் அங்கே வையுங்கள். அப்போதும் வராதவர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் மேல் வருத்தம் வேண்டாம்.

---

தரங்கை_1919

செமினேரியன் ஐயா வாட்சனைச் சொன்னார், ஒரு சிறு கூடுதல். வாட்சன் ஏற்படுத்திய எட்டு நாள் ஜெபத்தின் நோக்கம் மற்றவர்கள் ரோமாபுரியோடு திரும்பச் சேர வேண்டும் என்பது. அவரே 1909இல் தம் குழுவோடு கத்தோலிக்கரானார். அதனால் சீர்திருத்தச் சபைகள் நெடுநாள் இதில் ஒட்டவில்லை. 1930களில் பிரான்சின் லியோன் நகரத்துக் குரு பால் கூத்தூரியே அதைத் திருப்பிப்போட்டார்: கிறிஸ்து விரும்பும் ஒற்றுமைக்காக, அவர் விரும்பும் வழியில் ஜெபிப்போம் என்று. யார் யாரிடம் திரும்புவது என்ற கேள்வியே அங்கே இல்லை. உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் சேர்ந்து தயாரித்த ஜெபக் கையேடு 1968இல் முதல்முறை பயன்பட்டது. உங்கள் மன்றாட்டுகளை எழுதும்போது எவருக்காவது சந்தேகம் வந்தால் கூத்தூரியேவின் அளவுகோலைப் பிடியுங்கள்.

நம் மண்ணில் இதற்கு வேறொரு வேர் உண்டு, அது வெறும் ஜெபம் மட்டும் இல்லை. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடி ஓர் அறிக்கை விட்டார்கள். இருவர் தவிர எல்லாரும் இந்தியர். முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த ஆங்கிலிக்க ஆயர் வி. எஸ். அசரியா. மேல்நாட்டில் உண்டான பிரிவினைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும், இந்தப் பிரிவுகளோடு இந்தியாவுக்கு எப்படிச் சுவிசேஷம் சொல்வது என்பது அவர்கள் ஆதங்கம். அங்கிருந்து தென்னிந்தியத் திருச்சபை பிறக்க 28 ஆண்டுகள் பிடித்தன. 1947 செப்டம்பர் 27, சென்னை புனித ஜார்ஜ் பேராலயம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கெனவே பிரஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் 1908இல் சேர்ந்து உண்டாகியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபை, மூன்றும் ஒன்றாயின. அசரியா 1945 ஜனவரி 1 அன்றே மறைந்துவிட்டார்.

28 ஆண்டுகள் எதில் போயின என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். ஆயர் (பிஷப்) பதவி வேண்டாம் என்ற காங்கிரிகேஷனல் மரபும், ஆயர் கை வைக்காமல் குருத்துவம் இல்லை என்ற ஆங்கிலிக்கன் மரபும் ஒரே கூரையின் கீழ் வர வேண்டும். கடைசியில் கண்ட வழி: ஏற்கெனவே ஊழியத்துக்கு அபிஷேகம் பெற்றவர்களுக்கு மறுபடி அபிஷேகம் இல்லை, இனி அபிஷேகம் பெறுபவர்களுக்கு ஆயர் கை வைப்பார், மனச்சாட்சி ஒப்பாத ஊழியரையோ ஆராதனை முறையையோ எந்தச் சபை மேலும் திணிப்பதில்லை என்று உறுதிமொழி. அந்த உறுதிமொழி இல்லாவிட்டால் இணைப்பே நடந்திராது. இதற்கு விலையும் கொடுத்தார்கள். புதிய சபையின் ஆயர்களுக்கு ஆங்கிலிக்க ஐக்கியத்தின் ஆயர்கள் கூடும் லாம்பெத் மாநாட்டில் முழு இடம் கிடைக்க 1988 வரை ஆனது.

கீர்த்தனைக்காரர் தந்த அளவுகோலும் இந்த உறுதிமொழியும் ஒரே குணம் உடையவை. குழுவின் முதல் தீர்மானமாக இதை எழுதிவிடுங்கள்: எந்தச் சபையாரும் தங்கள் சபை அனுமதிக்காத ஒன்றைச் செய்யும்படி வைக்கப்படமாட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு தகராறும் ஐந்து நிமிடத்தில் தீரும்.

---

கல்லறைத்தோட்டம்

எல்லாரும் மரபு மரபு என்கிறீர்கள். ஒரே மரபுக்குள்ளேயே சாதி பார்த்துக் கல்லறையில் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கும்போது, கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் கைபிடித்துப் பாடுவது யாருக்குச் செய்தி? ஒரே சாதியார் இரண்டு சபையில் இருந்தால் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள், அங்கே எந்த மரபும் தடுக்கவில்லை. ஒரே சபையில் இரண்டு சாதி என்றால்தான் தடுக்கிறது.

சிறு கூட்டங்களில் என்ன செய்வது என்று கேட்டீர்கள். 2013ஆம் ஆண்டின் ஜெப வாரக் கையேட்டைத் தேடி எடுங்கள். அதைத் தயாரித்தது இந்தியக் கிறிஸ்தவ மாணவர் இயக்கம். மீகா 6:6–8, "ஆண்டவர் உன்னிடம் எதைக் கேட்கிறார்". தலித் மக்களின் நிலைமையை நடுவில் வைத்து எழுதப்பட்டது. எட்டு நாளும் "நடத்தல்" என்ற ஒரே இழை: உரையாடியபடி நடத்தல், கிறிஸ்துவின் உடைந்த உடலோடு நடத்தல், விடுதலை நோக்கி, பூமியின் பிள்ளைகளாக, இயேசுவின் நண்பர்களாக, தடைகளைத் தாண்டி, தோழமையில், கொண்டாட்டத்தில் என்று போகிறது. அந்தந்த ஆண்டின் கருப்பொருளைத்தான் எடுக்க வேண்டும் என்று விதி இல்லை.

நடத்தும் முறை: ஒரு வட்டத்துக்கு 8 முதல் 10 பேர், ஒரு சபையிலிருந்து மூவருக்கு மேல் வேண்டாம். 40 நிமிடம். ஒரே பகுதியை இருவர் இரண்டு மொழிபெயர்ப்பில் வாசிக்கட்டும். இரண்டு நிமிடம் அமைதி. பிறகு சுற்றாக ஒவ்வொருவரும் ஒரு நிமிடம், எந்த வரி தைத்தது என்று மட்டும். இந்தச் சுற்றில் யாரும் யாருக்கும் பதில் சொல்லக் கூடாது, விளக்கமும் கூடாது. இரண்டாம் சுற்றில் ஒரே கேள்வி: பக்கத்துச் சபையாரிடம் இருந்து எங்கள் சபை எதைப் பெற்றுக்கொள்ளலாம்? தங்கள் சபையின் பெருமை பேச ஆரம்பிப்பவரை நடத்துபவர் மெதுவாக நிறுத்த வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் ஊர்க் காரியம் ஒன்றுக்காக, பெயர் சொல்லி ஜெபம். நடத்துபவர் போதகராகவோ ஃபாதராகவோ இல்லாதிருப்பது நல்லது. அவர்கள் இருந்தால் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

ஏதாவது ஒரு மாலைக் கூட்டத்தையாவது ஆலயத்தில் வைக்காமல், எந்தச் சபைக் கூட்டத்துக்கும் வழக்கமாகத் தேர்ந்தெடுக்காத தெருவில் வையுங்கள். எந்தத் தெரு என்று உங்களுக்கே தெரியும்.

---

குமரி_வாசகன்

அனைவருக்கும் நன்றி. கல்லறைத்தோட்டம் அண்ணே, கடைசி வரி உறைத்தது. குழுவில் அப்படியே வாசிக்கிறேன்.

இரண்டு சந்தேகம் மீதி. காணிக்கையை என்ன செய்வது? எங்கள் ஊர் லுத்தரன் சபை ஐ.இ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை), அவர்கள் போதகர் இன்னும் எழுத்தில் சம்மதம் தரவில்லை. காரணம் கேட்டால் "மேலிடத்தில் கேட்க வேண்டும்" என்கிறார்.

---

பழைய_செமினேரியன்

காணிக்கை: முதலிலேயே ஒரு பொதுக் காரியத்தை அறிவித்துவிடுங்கள், ஊரில் உள்ள காசநோயாளிகளுக்குச் சத்துணவோ, பள்ளிப் பிள்ளைகளின் கட்டணமோ. எந்தச் சபையின் கணக்கிலும் வைக்கக் கூடாது. ஒவ்வொரு சபையிலிருந்தும் ஒருவர் என நான்கு பேர் சேர்ந்து அன்றே எண்ணி, நால்வரும் கையெழுத்திட்டு, மறு ஞாயிறு எல்லா ஆலயத்திலும் ஒரே தொகையை அறிவியுங்கள். செலவானதும் ரசீதோடு இன்னொரு அறிவிப்பு.

லுத்தரன் விஷயம்: தரங்கம்பாடி வழியில் வந்த டி.இ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) வேறு, நாகர்கோவில் பக்கத்து ஐ.இ.எல்.சி. வேறு. பின்னது அமெரிக்காவின் மிசூரி சினட் என்ற லுத்தரன் சபையின் பணியில் தோன்றியது. உபதேசத்தில் உடன்பாடு இல்லாத சபைகளோடு சேர்ந்து ஆராதனை நடத்துவதில் அந்த மரபுக்கு எப்போதுமே கூடுதல் எச்சரிக்கை உண்டு. போதகர் சாக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்க வேண்டியிருக்கும். அவரிடம் ஒரே சம்மதத்தைக் கேட்காமல் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: சிறு கூட்டங்களில் வேதவாசிப்புக்குச் சபையார் வரலாமா என்பது ஒன்று, பொது ஆராதனையில் அவர் பொறுப்பேற்க முடியுமா என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சரி என்று வர வாய்ப்பு அதிகம். இரண்டாவதற்கு இல்லை என்று வந்தால், ஆசியில் நாலாவது இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அழைப்பிதழில் அவர் சபைப் பெயரை அச்சடிக்காதீர்கள். சம்மதமில்லாமல் பெயர் போட்டால் அவருக்கு மேலிடத்தில் கேள்வி வரும், அடுத்த ஆண்டு சிறு கூட்டத்துக்கும் வரமாட்டார்.

ஆயருக்கும் பேராயத்துக்கும் போகும் கடிதங்கள், லுத்தரன் பதில், அச்சுக்குப் போகும் ஒழுங்கு எல்லாம் டிசம்பர் முதல் வாரத்துக்குள் முடியட்டும். கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டால் நான்கு சபையிலும் ஒருவரும் கைக்குச் சிக்கமாட்டார்கள்.